நாலு பத்துக்கு ஒரு புடைப்பு

எழுதுமட்டுவாளில், றோட்டிலிருந்து
முந்நூறு மீற்றர் உள்ளே,
பித்தளை ஆணி அடித்த பலகைப் பெட்டி.
அதற்குள் உணரி.
கிட்டப் போகுமுன் நான் கழற்றி வைப்பவை:
சைக்கிள், திறப்புக்கோர்வை, கைபேசி,
தலைமயிர்க் கிளிப் இரண்டு, சட்டை ஊக்கு,
குடை.
மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்தில் காந்த ஊசி
பாயில் படுத்ததுபோல் கிடக்கும்.
துருவத்தில் தலைகுத்தி நிற்கும் அதே ஊசி.
காந்த நடுக்கோடு எங்களுக்குத் தெற்கே
வயலும் குளமும் பாராமல் போகிறது,
எந்தச் சாவடியிலும் அடையாள அட்டை காட்டாமல்.

கணினியில் நான் கட்டுவது
பூமியைச் சுற்றிய பெருங்கூடு.
சூரியக் காற்று அறைந்து
பகற்பக்கம் நசுங்கியிருக்கும்;
இராப்பக்கம் வால் இழுபட்டு
நிலவையும் தாண்டிப் போகும்.
கோடுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்து விடுவேன்.
தெற்கில் எழுந்தது வடக்கில் வந்து இறங்க வேண்டும்.
சில இறங்கா.
கட்டத்தின் விளிம்பைத் தொட்டதும்
நிரல் அவற்றுக்கு ‘தொலைந்தது’ என்று எழுதிவிட்டு
அடுத்ததைப் பிடிக்கும்.
ஓர் இரவு அந்தச் சொல்லை அழித்து
‘வெளியில்’ என்று மாற்றினேன்.
கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அளவு நாற்பதாயிரத்துச் சொச்சம் நனோரெஸ்லா.
அதில் உட்கருவின் பங்கைக் கழி.
பாறையின் பங்கைக் கழி.
மத்தியானம் உச்சி வானில் ஓடும் மின்னாற்றைக் கழி.
பங்கருக்குக் கூரையாய்ப் போட்டு
மண்ணோடு மூடுண்ட தண்டவாளத் துண்டைக் கழி.
(அது அசையாது.
அசையாததைக் கழிப்பது சுகம்.)
மிச்சம் பூச்சியமாக வேண்டும்.

ஆகவில்லை.
பின்னேரம் நாலு பத்துக்கு ஒரு புடைப்பு.
இரண்டே இரண்டு நனோரெஸ்லா, ஆறு நிமிஷம்.
பிறகு ஒன்றும் நடவாததுபோல் கோடு படுத்துவிடும்.

மூன்று கிழமை அதற்கு வானத்தில் காரணம் தேடினேன்.
புயல்ப் பட்டியல், செய்மதித் தரவு,
யாரோ நோர்வேக்காரரின் கட்டுரை.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது வராது.
ஞாயிறு ஞாயிற்றுக்கிழமை
லீவு எடுக்குமா?

திங்கட்கிழமை வடலிக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.
நாலு பத்துக்கு வந்தார் செபநேசன்,
பக்கத்து வளவுக் காவல்.
வெறும் மேல், சாரம், கையில் பிளாஸ்ரிக் கோப்பை.
செருப்பையும் வேலியடியில் விட்டுவிட்டே வந்தார்,
நான் சொன்னதற்கு மேலாக.
பெட்டிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து இருந்தார்.
“தனியக் கிடக்குது எண்டுதான் வாறனான்,”
என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார்.

உங்களிட்டை இரும்பு ஏதும் இருக்கா, அண்ணை?

கொஞ்சம் யோசித்தார்.
பிறகு இடது தொடையில் சாரத்தை ஒரு சாண் உயர்த்தினார்.
“மூண்டு துண்டு. நரம்போடை கிடக்காம்.
எடுக்கேலாது எண்டிட்டார் டொக்டர்.”

புடைப்பைத் திரையில் காட்டினேன்.
அவர் தன்னையே முதன்முதல் படத்தில் கண்டவர்போல்
கோப்பையைக் கீழே வைத்தார்.
“அப்ப எனக்கும் ஒரு வடக்கு இருக்குதோ?”

இருந்தது.
எட்டுத் திசையிலும் அவரை நிறுத்தி அளந்தேன்.
தொடையிலிருந்து எழுந்து,
வயிற்றுக்கு முன்னால் வளைந்து,
முழங்காலில் இறங்கும் கோடுகள்.
தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்று.
வேலியில் நூலளவு.
றோட்டில் ஒன்றுமில்லை.
கொழும்பிலிருந்து பார்த்தால்
பூச்சியத்துக்குப் பின் எத்தனை பூச்சியம்
என்று நான் எழுதவில்லை.

கழித்தேன். கழிக்கத்தான் வேண்டும்.
கூடு சுத்தமாய் வந்தது,
வாலும் நசுங்கலும் ஒழுங்காய்.
கழித்தவற்றின் அட்டவணையில்
உட்கரு, பாறை, மின்னாறு, தண்டவாளம்,
ஐந்தாவது: செ. நே.

இப்போதும் நாலு பத்துக்கு வருகிறார்.
“இண்டைக்கு நான் எவ்வளவு?”
இரண்டு தசம் மூன்று என்றேன் நேற்று.
“ஓ, கொஞ்சம் கிட்ட இருந்திட்டன்,”
என்று ஒரு முழம் தள்ளி இருந்து
தேத்தண்ணியை ஊதினார்.